என்ன குழந்தை என்று கேட்டவள்

அமராவதியின் நெஞ்சில் ஒரு சத்தம் இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

மரக்காணத்து உப்பளத்தில் அவளோடு வேலை செய்கிற பெண்களுக்கு இது அரைகுறையாகத்தான் தெரியும். தை பிறந்து பாத்திகளில் தண்ணீர் கட்டிவிட்டால் மழைக்காலம் தொடங்கும்வரை அவளும் மற்றவர்களோடு விடியலிலேயே போய்விடுவாள். பலகையால் உப்பை இழுத்து வரப்போரமாகக் குவிப்பாள். கூடை மட்டும் சுமக்கமாட்டாள். மேஸ்திரிக்குக் காரணம் தெரியும் என்பதால் அவர் அதைக் கேட்பதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு நாள் அவள் வரமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். அன்றைக்குத் தலை குளித்து, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறுவாள். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். ஊசி உண்மைதான். ஆனால் அந்த ஊசியை மரக்காணத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர்கள் சீட்டு எழுதிக் கொடுத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அந்தச் சீட்டை அவள் யாரிடமும் காட்டவில்லை.

சின்ன வயதில் அவளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. காய்ச்சல் விட்ட பிறகு முட்டியும் கணுக்காலும் மாறி மாறி வீங்கின. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நாலைந்து மாதத்தில் வீக்கம் தானாக வடிந்துவிட, வீட்டில் எல்லாரும் அதை மறந்துபோனார்கள். அந்தக் காய்ச்சல் இதயத்துக்குள் ஒரு வால்வைப் பிடித்துச் சுருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது என்பது ராஜாங்கத்துக்கு அவளைக் கட்டிக் கொடுத்தபோதும் யாருக்கும் தெரியாது. ராஜாங்கம் அதே உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். அதிகம் பேசமாட்டான்.

இருபத்திரண்டு வயதில் அவள் உண்டானாள். ஐந்தாம் மாதம் மூச்சு வாங்கியது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஏழாம் மாதம், பங்குனி வெயிலில், படுத்தால் மூச்சு அடைத்தது. இரண்டு நாள் உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாம் நாள் காலை இருமியபோது நுரை நுரையாக, ரத்தம் கலந்த மாதிரி வந்தது. உப்பு ஏற்ற வந்த வண்டியையே ராஜாங்கம் மறித்து, அவளை டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு, புதுச்சேரிப் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அதற்குப் பிறகு நாலு நாள் அவளுக்கு நினைவில்லை. கண் விழித்தபோது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. கை தன்னால் வயிற்றுக்குப் போனது. வயிறு தளர்ந்து கிடந்தது. கூட இருந்த மாமியார், நீ பிழைத்ததே பெரிது என்று மட்டும் சொன்னாள். பிள்ளை என்னவாயிற்று என்று அமராவதி கேட்கவில்லை, அது புரிந்துவிட்டது. பையனா பெண்ணா என்று ஒரு தரம் கேட்டாள். போனதைப் பற்றிக் கேட்டால் மனசு கெட்டுப்போகும், கேட்காதே என்று மாமியார் சொல்லிவிட்டாள். ராஜாங்கத்திடம் கேட்டபோது அவன் எழுந்து வெளியே போய்விட்டான். வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு தரம் கேட்டாள். அப்போதும் எழுந்து போனான். அதோடு அவள் விட்டுவிட்டாள். இன்னொரு தரம் உண்டானால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லியிருந்ததால் அந்தப் பேச்சும் வீட்டில் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள், அவள் எழுந்து உட்கார்ந்திருந்தபோது, தெய்வசிகாமணி என்ற டாக்டர் ஏழெட்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அவள் கட்டிலருகே வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். "இந்தப் பசங்க டாக்டருக்குப் படிக்கிறாங்க. உன் நெஞ்சுல ஒரு சத்தம் இருக்குது, புஸ்தகத்துல எழுதி வெச்ச மாதிரி. இவங்க கேட்டுக் கத்துக்கட்டுமாம்மா? வேணாம்னா வேணாம்னு சொல்லு" என்றார். அந்த ஒரு வாரத்தில் அவளிடம் அனுமதி என்று யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. அவள் தலையாட்டினாள்.

அப்படித் தொடங்கியதுதான். பழைய காய்ச்சல் திரும்ப வராமலிருக்கப் போடுகிற அந்த ஊசிக்குப் போகிற நாளெல்லாம் யாராவது ஒரு டாக்டர் அவளை இரண்டாம் வார்டுக்கு வரச் சொல்லிவிடுவார். திரையை இழுத்துவிட்டு, ஒவ்வொருவராக வந்து ஸ்டெதஸ்கோப்பை வைப்பார்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவேண்டும், மூச்சை வெளியே விட்டு நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குச் சொல்லாமலே வரும். மரப்பாலத்தின்மேல் தூரத்தில் வண்டி போகிற மாதிரி கேட்கும் என்று தெய்வசிகாமணி பிள்ளைகளுக்குச் சொல்லுவார். சிலருக்கு உடனே கேட்டுவிடும். முகத்திலேயே அது தெரியும். புருவம் தூக்கி, வாய் லேசாகத் திறந்து, அவளையே புதிதாகப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கும்.

வருஷக் கடைசியில் பரீட்சைக்கும் அவளைக் கூப்பிடுவார்கள். வார்டு அட்டெண்டர் ஆதிமூலம் போன் பண்ணி, "நாளைக்குப் பரீட்சை கேஸ் நீதாம்மா" என்பார். நோய் என்னவென்று பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்பது கட்டளை. ஒரு வருஷம் ஒரு பையன் வியர்த்து வடிய நின்றான். நேராகப் படுத்திருந்தவளின் நெஞ்சில் கருவியை அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை என்பது தெரிந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அமராவதி எதுவும் சொல்லவில்லை. இடுப்பு வலிக்கிற மாதிரி மெல்ல இடது பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அவன் பாஸ் பண்ணினானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவள் எதற்காக இவ்வளவு தூரம் போய் வருகிறாள் என்பதை அவளே யாரிடமும் சொன்னதில்லை. முதலில் வந்த பிள்ளைகள் கிட்டத்தட்ட அவள் வயது. என்னங்க என்று கூப்பிட்டார்கள். பிறகு வந்தவர்கள் அக்கா என்றார்கள். அப்புறம் ஆன்ட்டி. ஒரு வருஷம் வந்த கூட்டத்தில் எல்லாருமே அம்மா என்றார்கள். அவளுக்குத்தான் வயது ஏறிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கு எப்போதும் அதே பத்தொன்பது, இருபது. பஸ்ஸில் திரும்பும்போது அவள் நினைத்துக்கொள்வாள்: இருந்திருந்தால் இப்போது ஒன்றாம் வகுப்பு. இப்போது ஏழாம் வகுப்பு. இப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை. பையனா பெண்ணா என்று தெரியாததால் நினைப்புக்கு ஒரு முகம் வராது. சில நாள் சட்டை போட்டு வரும், சில நாள் பாவாடை கட்டி வரும். நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும். போன வருஷக் கடைசியில் வந்த புதுப் பிள்ளைகளில் ஒருவனிடம், நீ எந்த வருஷம் பிறந்தாய் என்று சும்மா கேட்பது மாதிரி கேட்டாள். இரண்டாயிரத்து ஆறு என்றான், அவள் பிள்ளை போன அதே வருஷம். அன்றைக்கு அவளுக்கு ஊசி போட்டதுகூட வலிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வால்வு இன்னும் சுருங்கியிருப்பதாக எக்கோவில் தெரிந்தது. தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூனை ஊதி, வால்வை விரித்துவிடலாம் என்று தெய்வசிகாமணி சொன்னார். அவருக்கு இப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. நெஞ்சைக் கிழிக்கிற ஆபரேஷன் இல்லை, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம், மூச்சு வாங்குவது நன்றாகக் குறைந்துவிடும் என்றார். அப்போ அந்தச் சத்தம் என்று அவள் கேட்டாள். அதுவும் பெரும்பாலும் போய்விடும் என்றார் அவர், அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து. உப்பு வேலை இருக்கிறது என்று அவள் ஒரு தரம் தள்ளிப்போட்டாள். நாத்தனார் வீட்டில் விசேஷம் என்று இன்னொரு தரம் தள்ளிப்போட்டாள்.

சித்திரையில் ஒரு நாள் எட்டுப் பேர் கொண்ட கூட்டம் வந்தது. ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு, கேட்கிறது சார் என்று சொல்லி நகர்ந்தார்கள். அதில் மூன்று பேருக்குக் கேட்கவே இல்லை என்பது அமராவதிக்குத் தெரியும். கடைசியாக வந்தவள் ஒல்லியாக, கறுப்பாக, கோட்டின் கையை மடித்துவிட்டிருந்தாள். ரொம்ப நேரம் வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, "சார், எனக்குக் கேக்கல" என்றாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தெய்வசிகாமணி அவளைத் திட்டவில்லை. கேட்கவில்லை என்று சொல்வதற்கும் காது வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் பெயர் செந்தமிழ். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர், அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், அரசுப் பள்ளியில் படித்து வந்தவள். இதெல்லாம் அன்று மத்தியானம் தெரிந்தது. அமராவதி ஊசி போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவள் தனியாக வந்தாள். இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். வார்டில் திரையை இழுத்துவிட்டு, அவசரப்படாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு நிமிஷத்துக்குப் பிறகு அவள் முகம் மாறியது. அமராவதி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

கேட்டு முடித்ததும் அவள் போய்விடவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். உங்கள் கேஸை முழுசாக எழுதலாம் என்றிருக்கிறேன் என்றாள். எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், எல்லாம் எல்லாரும் கேட்கிற கேள்விதான். குழந்தைகள் எத்தனை பேர் என்றும் கேட்டாள். இல்லை என்றாள் அமராவதி. பத்தொன்பது வருஷமாக அந்த இடத்தில் எல்லாரும் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள்.

செந்தமிழ் கோடு போடாமல் பேனாவை நிறுத்தினாள். "ஒரு தரமாவது உண்டாகி இருந்தீங்களாம்மா?"

"இருந்தேன். ஏழாம் மாசம் போயிடுச்சு. இங்கதான்."

"என்ன குழந்தைம்மா?"

அமராவதி சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டாள். "தெரியாதும்மா. யாரும் எனக்குச் சொல்லல."

செந்தமிழ் எதையும் எழுதவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அமராவதியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எந்த வருஷம், எந்த மாதம் என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். பிறகு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள்.

அடுத்த மூன்று வாரம் அமராவதிக்கு உப்பளத்தில் வேலை ஓடவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டாள் ஒருத்தி. அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சாப்பிடும்போது ராஜாங்கத்தின் முகத்தைப் பார்ப்பாள். இன்று கேட்டுவிடலாம் என்று தோன்றும். அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவான். மாமியாரும் செத்துப்போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

வைகாசியில் ஊசிக்குப் போனபோது செந்தமிழ் ஊசி போடும் அறை வாசலிலேயே நின்றிருந்தாள். சார் உங்களைக் கூப்பிடுகிறார் என்று அழைத்துப் போனாள். தெய்வசிகாமணியின் மேஜைமேல் ஓரம் பழுத்துப்போன ஒரு கேஸ் ஷீட் இருந்தது. பழையவற்றையெல்லாம் அழித்துவிட்ட பிறகும் அது மட்டும் தப்பியிருந்தது. பாடம் நடத்துவதற்காக எடுத்து வைக்கவேண்டும் என்று அவரே அந்தக் காலத்தில் மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். செந்தமிழ் அவரிடம் கேட்டு, ரெக்கார்டு ரூமில் மூன்று நாள் தேடி எடுத்திருக்கிறாள்.

அவர் அமராவதியை உட்காரச் சொன்னார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு, "இத வெச்சு அந்தக் காலத்துல எத்தனையோ பேட்சுக்குப் பாடம் எடுத்திருக்கேம்மா. இதயம் சம்பந்தப்பட்ட பக்கத்த மட்டும்தான் திருப்பியிருக்கேன். இந்தப் பொண்ணு சொல்லித்தான் உனக்கு இது தெரியாதுன்னே எனக்குத் தெரியும். எம்மேல தப்பு" என்றார். அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

கேஸ் ஷீட்டின் கடைசியில் பிரசவ அறை நர்ஸ் எழுதிய பக்கம் இருந்தது. செந்தமிழ் அவளருகே குனிந்து தமிழில் படித்துச் சொன்னாள். பெண். ஒரு கிலோ இருநூற்றைம்பது கிராம். காலை பத்து மணி இருபது நிமிடம். உயிரில்லை. அதற்குக் கீழே, உயிரோடு பிறக்கிற குழந்தைகளுக்குச் செய்வது போலவே, அந்த நர்ஸ் மை தடவிப் பாதத்தைப் பதித்து வைத்திருந்தாள். ஊதா நிறம் வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. அமராவதியின் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். ஐந்து விரலும் தனித்தனியாக இருந்தன. கட்டைவிரல் மட்டும் லேசாக விலகியிருந்தது.

அவள் அழுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. அந்தக் காகிதத்துக்கு மேலே, தொடாமல், கையைக் குடை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, இதை நான் எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். காகிதம் ஆஸ்பத்திரியில்தான் இருக்கவேண்டும், ஆனால் நகல் வாங்க உனக்கு உரிமை இருக்கிறது என்று தெய்வசிகாமணி ஒரு கடிதம் எழுதினார். செந்தமிழ் போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். கறுப்பும் வெள்ளையுமாக இருந்தாலும் ஐந்து விரலும் தெரிந்தன.

அன்று சாயங்காலம் ராஜாங்கம் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு வந்தபோது, அவள் அந்தக் காகிதத்தை அவன் முன்னால் தரையில் வைத்தாள். அவனுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் படிக்கவில்லை. பாதத்தைப் பார்த்தான். பார்த்தவுடன் அது என்னவென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போகவில்லை.

"பொண்ணாமே" என்றாள் அவள்.

"ஆமா." காகிதத்தைக் கிட்டே இழுத்துக்கொண்டான். "முடி நெறைய இருந்துச்சு. நனைஞ்சு நெத்தியில ஒட்டிக்கினு. மூக்கு உன்னுது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அம்மா சொல்லக்கூடாதுன்னுச்சு. சொன்னா நீ போயிடுவியோன்னு எனக்கும் பயம். அப்புறம் நாள் போகப் போக எப்படி எடுக்கிறதுன்னு தெரியல."

பத்தொன்பது வருஷமாக அந்த மூக்கை என் முகத்தில் இவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். அவனைக் கோபித்துக்கொள்ளவேண்டும் என்று இருந்தது. முடியவில்லை. எங்கே புதைத்தாய் என்று கேட்டாள். உப்பளத்துக்கு அந்தப் பக்கம், கழிவெளி ஏரி ஓரமாக ஒரு பனைமரத்தடியில் என்றான். மாமியாரின் பழைய சேலையில் சுற்றி, அவனும் அவன் அண்ணனும் மட்டும் போனார்களாம். உடனே கூட்டிப் போ என்றாள். அவ்வளவு தூரம் மணலில் நடந்தால் உனக்கு மூச்சு வாங்கும் என்றான் அவன்.

"மொதல்ல அந்தப் பலூன் வெச்சிட்டு வா. நல்லாகி வந்தன்னா நானே கூட்டிக்கினு போறேன்."

ஆனி மாதம் அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டாள். பலூன் வைத்த நேரம் முழுக்க அவள் விழித்துத்தான் இருந்தாள். பயமாக இருந்ததே தவிர, வலி அதிகமில்லை. மறுநாள் தெய்வசிகாமணி கேட்டுப் பார்த்துவிட்டு, தேடினால்தான் கேட்கிறது என்றார். படியேறிப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு மாடி நிற்காமல் ஏறினாள். அன்று காலை ரவுண்டில் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். அவள் பழக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். அவர்கள் அடுத்த கட்டிலில் இருந்த ஒரு கிழவரின் வயிற்றைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவள் மறுபடி நேராகப் படுத்து, அவர்களுடைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செந்தமிழ் வேறு பிரிவுக்கு மாறியிருந்தாள். சாயங்காலம் ஒரு நடை வந்து, பஞ்சு வைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனாள். போகும்போது அம்மா என்று கூப்பிட்டு ஏதோ சொல்ல வந்தாள். கீழே வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று அமராவதி இன்றுவரை யோசிப்பதுண்டு.

ஆடியில் ராஜாங்கம் சொன்னபடி கூட்டிப் போனான். உப்புக் குவியல்களைத் தாண்டி, வரப்பு முடிகிற இடத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. அவன்தான் இரண்டு தரம் நின்றான். கழிவெளி ஓரத்தில் நாலு பனைமரங்கள் தள்ளித் தள்ளி நின்றன. ஒன்று புயலில் தலை முறிந்து மொட்டையாக இருந்தது. ராஜாங்கம் ஒரு மரத்தடிக்குப் போனான். பிறகு திரும்பி இன்னொரு மரத்தடிக்குப் போய், கரையைப் பார்த்தான், தூரத்து ரோட்டைப் பார்த்தான். தண்ணீர் அப்போது இவ்வளவு கிட்டே இல்லை என்றான்.

"இதுவா, அதுவான்னு தெரியல அமராவதி" என்றான்.

அவள் அவனை வற்புறுத்தவில்லை. இரண்டு மரத்துக்கும் நடுவில், வெயில் பட்ட மணலில் உட்கார்ந்தாள். அவனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். என்ன பெயர் வைத்திருப்போம் என்று பேசினார்கள். அவன் ஒரு பெயர் சொன்னான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவள் ஒன்று சொன்னாள். நல்லாயிருக்கு என்றான். காற்று ஏறி, கழிவெளித் தண்ணீர் சின்னச் சின்னதாக மடிந்து கரையில் மோதிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது, வருஷத்துக்கு ஒரு தரம் வந்து போகலாமா என்று அவன் கேட்டான். மாசத்துக்கு ஒரு தரம் என்றாள் அமராவதி.